வளைக்காமல் பாடிய வரி

இருபத்திரண்டு வருஷமாகத் தமிழ் சினிமாவில் எந்தக் கதாநாயகி வந்தாலும் அவளுக்கு முதலில் பாடியது ஜெயலக்ஷ்மிதான். ஆனால் அத்தனை வருஷத்திலும் அவள் குரலோடு ஒரு பாட்டுகூட வெளியே வரவில்லை. கேட்கிறவர்களுக்கு இது விடுகதை மாதிரி இருக்கும். சினிமாக்காரர்களைக் கேட்டால் ஒரே வரியில் அவிழ்த்துவிடுவார்கள்: அந்தம்மா ட்ராக் பாடறவங்க.

மெட்டு தயாராகிவிடும். வார்த்தை வந்திருக்காது, பெரிய பாடகியின் தேதி கிடைத்திருக்காது. ஆனால் டைரக்டர் கேட்டுப் பார்க்க வேண்டும், டான்ஸ் மாஸ்டர் ஒத்திகை ஆரம்பிக்க வேண்டும். அதுவரைக்கும் வாயில் வந்த வார்த்தையைப் போட்டு ஒரு குரலில் பாடி வைத்துக்கொள்வதுதான் ட்ராக். பிறகு ஒருநாள் பெரிய பாடகி வருவார். ட்ராக்கை ஹெட்ஃபோனில் கேட்டுக் கேட்டுத் தன் குரலில் பாடுவார். அவர் கார் கேட்டைத் தாண்டுவதற்குள் ட்ராக்கை அழித்துவிடுவார்கள். கல்யாணப் பந்தியில் இன்னொருவருக்காக இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறவரைப் பார்த்திருப்பீர்களே, அந்த உத்தியோகம்தான். சாப்பிடுகிறவர் வந்ததும் சிரித்த முகத்தோடு எழுந்துகொள்ள வேண்டும்.

இந்த வேலைக்கு ஒரு நியதி உண்டு. ட்ராக் பாடுகிறவள் தன் சொந்தச் சரக்கைக் காட்டக்கூடாது. சங்கதி போடக்கூடாது, உருகக்கூடாது, எந்த இடத்திலும் வளைக்கக்கூடாது. வேலைக்கு வந்த புதிதில் ஜெயலக்ஷ்மி ஒரு சரணத்தின் முடிவில் ஆசை அடங்காமல் ஒரு சின்னச் சங்கதியைப் போட்டுவிட்டாள். ஹெட்ஃபோனில் அதைக் கேட்ட பெரிய பாடகி, இவ்வளவு நன்றாகப் பாடுகிறவளை வைத்துக்கொண்டு என்னை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டுவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டார். அப்புறம் நாலு மாதம் ஜெயலக்ஷ்மிக்குப் போனே வரவில்லை. அன்றைக்குக் கற்றதுதான். அதற்கப்புறம் அவள் பாடிய ஒவ்வொரு வரியும் இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி மடிப்புக் கலையாமல் இருந்தது.

மந்தைவெளியில் இரண்டாம் மாடியில் சொந்த வீடு. கணவர் ஸ்ரீரங்கனுக்கு நந்தனத்தில் இன்ஷூரன்ஸ் உத்தியோகம். நல்ல மனுஷன், ஒரு வார்த்தை கடிந்து பேசாதவர். குறை என்று சொல்லிக்கொள்ள ஜெயலக்ஷ்மிக்கு ஒன்றும் இல்லை, அவள் சொல்லிக்கொண்டதும் இல்லை. ஆனால் ஒரே ஓர் ஆசை உள்ளே கிடந்தது. ஒரு பாட்டு. ஒரே ஒரு பாட்டில் ‘பாடியவர்’ என்று போடுகிற இடத்தில் தன் பெயர். இதை ஸ்ரீரங்கனிடம்கூட அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

பாலகணேஷ் இங்கேதான் உள்ளே வருகிறான். தி.நகரில் எவர்சில்வர் பாத்திரக்கடை வைத்திருக்கும் சண்முகவேலின் மகன். இருபத்தாறு வயது. பெரிய இசையமைப்பாளர் ஒருவரிடம் கம்ப்யூட்டரில் தாளம் கோத்துக் கொடுக்கிற வேலை பார்த்தான். அது சோற்றுக்கு. மனசுக்கு வேறொன்று வைத்திருந்தான். கடைக்கு மேலே, தூக்குவாளியும் சம்படமும் கூரை வரை அடுக்கி வைத்த கோடவுனில் ஒரு மூலையைத் தடுத்துக்கொண்டு ஆட்டத்துக்கான சங்கீதம் பண்ணிக்கொண்டிருந்தான். ‘ஹவுஸ்’ என்று அந்த வகைக்குப் பெயர். பெயரில்தான் வீடு இருக்கிறது, எந்த வீட்டிலும் அதைச் சத்தமாக வைக்க விடமாட்டார்கள். ஒரே தாளம் திம் திம் என்று ஏழு நிமிஷம் ஓடும். அதன்மேல் ஒரே ஒரு வரி திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கும். பல்லவி கிடையாது, சரணம் கிடையாது. அவன் பேஸைக் கூட்டினால் அலமாரியில் இருக்கும் தூக்குவாளி எல்லாம் சேர்ந்து சிலுசிலுக்கும். அந்தச் சிலுசிலுப்பையும் விடாமல் பதிவு செய்து தாளத்தில் சேர்த்திருந்தான். சண்முகவேல் எதற்கும் குறுக்கே நிற்கவில்லை. கீழே கல்யாணச் சீர் வாங்குகிறவர்கள் பேரம் பேசுகிற நேரத்தில் மட்டும் சத்தம் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சாயங்காலம், ரெக்கார்டிங் முடிந்து ஜெயலக்ஷ்மி கிளம்பும்போது பாலகணேஷ் வழியை மறித்துக்கொண்டான். ஒரே ஒரு வரி வேண்டும், வார்த்தை எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, மெஷின் குரல் கேட்டு அலுத்துவிட்டது, ஒரு மனுஷக் குரல் கிடைத்தால் போதும் என்றான். அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை. நின்ற இடத்திலேயே, அவன் நீட்டிய சின்ன மைக்கில், அந்த நேரத்தில் மனசில் ஓடிக்கொண்டிருந்ததைப் பாடினாள்.

“பாலு வாங்கணும், பல்பு மாத்தணும், பாட்டு முடிஞ்சா வீட்டுக்குப் போகணும்.”

ஒரே டேக். பாடிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள். பாலும் வாங்கினாள். பல்பைத்தான் மறந்துவிட்டாள்.

அந்த வரி அவளை மறக்கவில்லை. பெசன்ட் நகரில் ஒரு காபிக் கடையின் பின்கட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பாலகணேஷும் நண்பர்களும் ஆட்டம் வைத்தார்கள். போஸ்டர் கிடையாது. எங்கே என்கிற விவரம் காலையில்தான் போனில் வரும். முதல் வாரம் முப்பது பேர், நாலாவது மாதம் முன்னூறு பேர். எல்லாரும் கடற்கரையில் ஓடுகிற உடுப்பில் வந்து, காபி குடித்துக்கொண்டே பத்து மணி வரை ஆடிவிட்டு, சமர்த்தாக வீட்டுக்குப் போய்விடுவார்கள். பாலும் பல்பும் ஒலிக்கிற இடத்தில் மொத்தக் கூட்டமும் கையைத் தூக்கிக்கொண்டு கூடவே பாடும். பாலகணேஷ் இதைப் போனில் சொன்னபோது ஜெயலக்ஷ்மி கேட்ட ஒரே கேள்வி, சுருதி சரியாக இருந்ததா என்பதுதான்.

அந்தக் கூட்டத்தில் சினிமா உதவி டைரக்டர்களும் இருந்தார்கள் என்பது போகப் போகத் தெரிந்தது. சினிமாப் பாட்டிலேயே திம் திம் ஏறத் தொடங்கியது. சரணங்கள் குட்டையாயின. குரலே இல்லாமல் முப்பது விநாடி வெறும் தாளம் ஓடினால் முன்பெல்லாம் தயாரிப்பாளர் மெஷின் கோளாறா என்று கேட்பார். இப்போது அந்த முப்பது விநாடி எங்கே என்று கேட்டார்கள். காப்பி அடிப்பதைவிட ஆளையே தூக்குவது மேல் என்று நினைத்த மகேஷ் என்ற டைரக்டர், நேராக தி.நகர் கோடவுனுக்கே வந்து தன் படத்துக்குப் பாலகணேஷை இசையமைப்பாளராக எழுதி வாங்கிக்கொண்டு போனார். முதல் பாட்டு அந்தப் பாலு பல்புப் பாட்டுதான் என்றும் சொல்லிவிட்டார்.

ஜெயலக்ஷ்மிக்கு அன்று சமையல் ஓடவில்லை. ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

மறுவாரம் பாலகணேஷ் வந்து தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். மெட்டு அதேதான், தாளம் அதேதான். ஆனால் சினிமா என்றால் பாலும் பல்புமாகப் பாட முடியாதாம், கவிஞர் வேறு வரி எழுதிவிட்டாராம். பாடுவதற்கு மும்பையிலிருந்து பெரிய பாடகி வருகிறாராம். அவருக்குத் தமிழ் உச்சரிப்பு சொல்லிக்கொடுக்க அக்கா வரமுடியுமா என்று டைரக்டர் கேட்கிறாராம்.

வலித்தது. நன்றாகவே வலித்தது. இருந்தாலும் போனாள். வேலையை வேலையாகப் பார்க்கிற குணம் அவளுக்கு.

‘வானம் திறக்குதே, வாசல் அழைக்குதே, வாழ்ந்து பார்க்கலாம் வா என் அருகிலே’ என்று எழுதியிருந்தார்கள். ‘ழ’ மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது. மும்பைப் பாடகி தங்கமான பெண். ஜெயலக்ஷ்மியின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி நாக்கை மடித்து மடித்துப் பார்த்தார். பாடும்போது ‘அழைக்குதே’யில் ஒரு வளைவு வளைத்தார் பாருங்கள், இன்ஜினியர் தன்னை அறியாமல் தலையை ஆட்டினார். நல்ல சங்கீதத்துக்கு முன்னால் பொறாமைப்படத் தெரியாத ஜென்மம் ஜெயலக்ஷ்மி. ஆஹா என்றுதான் சொன்னாள். வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஐந்து நிமிஷம் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை பாலகணேஷ் அந்தப் புதுக் குரலைக் கூட்டத்தில் போட்டுப் பார்த்தான். முதல் சுற்றில் எல்லாரும் காதைக் கொடுத்தார்கள். ஆறாவது சுற்றில் அந்த வளைவு வந்தபோது சிலர் போனை எடுத்துப் பார்த்தார்கள். பன்னிரண்டாவது சுற்றில் அது விக்கல் மாதிரி ஆகிவிட்டது. பதினைந்தாவதில் பாதிப் பேர் காபி வாங்கப் போய்விட்டார்கள். மீதிப் பேர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஸ்பீக்கரில் வானம் திறந்துகொண்டிருக்கும்போதே அதன்மேல் ‘பாலு வாங்கணும்’ என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். டைரக்டர் மகேஷ் ஓர் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் மந்தைவெளி வீட்டில் போன் அடித்தது. பாலும் பல்புமே இருக்கட்டும், அக்காவே பாடட்டும் என்றார் மகேஷ். ஒரே ஒரு விஷயம், பழைய பதிவு மட்டமான மைக்கில் எடுத்தது, ஃபேன் சத்தம், பை சத்தம் எல்லாம் இருக்கிறது, அதனால் பெரிய ஸ்டூடியோவில் புதிதாகப் பாடிவிடலாம். பெயர் போடுவோம் என்றும் அவராகவே சொன்னார்.

ஒன்பது நாள் இருந்தது. ஸ்ரீரங்கன் ஆபீஸிலிருந்து வரும்போது கற்கண்டும் மிளகும் வாங்கி வந்தார். தாளிக்கிற புகை தொண்டைக்கு ஆகாது என்று வீட்டில் ஒன்பது நாளும் மோரும் சாதமும்தான் நடந்தது. அவரே ஏற்றுக்கொண்ட விரதம், முணுமுணுக்காமல் சாப்பிட்டார். ஜெயலக்ஷ்மி காலை நாலரைக்கு எழுந்து சாதகம் பண்ணினாள். அந்த ஒரு வரியை உரசி உரசிப் பார்த்ததில் அடியில் பெஹாக் ராகம் படுத்திருப்பது தெரிந்தது. ‘போகணும்’ என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் பதினாலு சங்கதி கண்டுபிடித்தாள். இருபத்திரண்டு வருஷமாகப் போடாமல் வைத்த சங்கதிகள் எங்கே போயிருக்கும்? எல்லாம் உள்ளேதான் இருந்தன, வரிசையில் நின்றுகொண்டிருந்தன.

பெரிய ஸ்டூடியோவில் அவள் பாடியதை அங்கே இருந்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். பால் வாங்குவதில் இவ்வளவு ஏக்கம் இருக்க முடியுமா என்று தோன்றிவிட்டதாம். இன்ஜினியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கேண்டீனிலிருந்து டீ கொண்டுவந்த தங்கபுஷ்பம் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

பாலகணேஷ் மட்டும், “சூப்பர்க்கா,” என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எத்தனையோ இசையமைப்பாளர்கள் எத்தனையோ பேரிடம் இப்படி சூப்பர் சொன்னதை ஜெயலக்ஷ்மி பார்த்தவள். எந்த சூப்பர் மனசிலிருந்து வருகிறது, எது மரியாதைக்கு வருகிறது என்பது அவளுக்கு அத்துப்படி. அவன் பக்கத்தில் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தாளத்தில் சேர்த்துச் சுற்றவிடச் சொன்னாள். அப்புறம் கேட்கலாமே, டீ குடியுங்கள், களைப்பாக இருப்பீர்கள் என்று அவன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தான். அவள் எழுந்திருக்கவில்லை. அவன் சுற்றவிட்டான்.

முதல் சுற்று தேன். இரண்டாவதும் தேன். ஐந்தாவது சுற்றில் அந்தப் பெஹாக் சங்கதி வருவதற்கு முன்பே அது வரப்போகிறது என்று காதுக்குத் தெரிந்துவிட்டது. பத்தாவதில், சொன்ன கதையையே சொல்கிற விருந்தாளியிடம் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. உருக்கம் ஒரு தடவைதான் உருக்கம். அறுபது தடவை வந்தால் அதற்குப் பெயர் வேறு. மும்பைப் பாடகிக்கு ஆனதுதான் தனக்கும் ஆகியிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தபோது பதினாறாவது சுற்று ஓடிக்கொண்டிருந்தது.

“நிறுத்துப்பா,” என்றாள். “பழகப் பழகப் பாலும் புளிக்கும்னு சும்மாவா சொன்னா.”

பாலகணேஷ் பதறிப்போனான். சங்கதியைக் குறைத்து இன்னொரு டேக் போகலாம், இல்லாவிட்டால் இந்தக் குரலையே கடைசியில் ஒரே ஒரு தடவை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றான். அவள், பழையதைப் போடு என்றாள்.

பழையது ஓடியது. முதலில் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பாடகி மாதிரியே இல்லை, யாரோ அவசரமாகக் கடைக்குப் போகிறவள் மாதிரி இருந்தது. பையின் கொக்கி எதிலோ இடித்த சத்தம்கூடத் தெளிவாக விழுந்தது. ஆனால் பத்தாவது சுற்றில் அலுக்கவில்லை. இருபதாவதில் அவள் கால் கட்டைவிரல் தானாகத் தட்ட ஆரம்பித்திருந்தது. முப்பதாவது சுற்றில் ஒன்று புரிந்தது. இதை அவள் எந்தப் பெரிய பாடகிக்காகவும் பாடவில்லை. யாருக்கும் இடம் பிடித்து வைக்கவில்லை. யார் மெச்ச வேண்டும் என்றும் நினைக்கவில்லை. அன்றைக்கு அவளுக்குப் பால் வாங்க வேண்டியிருந்தது, வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது, அதைச் சொன்னாள். இருபத்திரண்டு வருஷம் வளைக்காமல் பாடிப் பாடி வந்த நேர்த்தி அந்த வரிக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது. அவள் அதை ஒரு குறையாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

“இதையே வெச்சுக்கோ,” என்றாள்.

“நாய்ஸ் கீதுக்கா. பை சத்தம்லாம் கீது. டைரக்டர் கேட்டார்னா நான் இன்னான்னு சொல்றது?”

“பாடினவ சொன்னான்னு சொல்லு.”

சொன்ன பிறகுதான், இந்த வாக்கியத்தைத் தான் இதுவரை சொன்னதே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. பெரிய பாடகிகள் சொல்லிக் கேட்டிருக்கிறாள். தன் வாயிலிருந்து வந்தபோது நன்றாகத்தான் இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பனகல் பார்க் தாண்டும்வரை கொஞ்சம் அழுதாள். ஒன்பது நாள் மோர் சாதத்துக்காகவும் பதினாலு சங்கதிக்காகவும் அழுதது. ஆழ்வார்பேட்டை வந்தபோது கண் காய்ந்துவிட்டது. விஷயத்தைக் கேட்ட ஸ்ரீரங்கனுக்குத்தான் ஆறவில்லை.

“நன்னா பாடினதை நீயே வேண்டாம்னுட்டு வந்தியா?”

“நன்னா பாடினது எது, சரியா பாடினது எதுன்னு பார்த்தேன். சரியா பாடினதை வெச்சுக்கச் சொன்னேன்,” என்றாள். அப்புறம் அந்த மாதத்தில் முதல் தடவையாக அப்பளம் பொரித்தாள்.

பாட்டு வெளியானது. பாடியவர்: ஜெயலக்ஷ்மி ஸ்ரீரங்கன். ஸ்ரீரங்கன் போன் திரையில் அந்த எழுத்துகளைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டுக்கொண்டும் போடாமலும் பார்த்தார். குரலே இல்லாத முப்பது விநாடியையும் மகேஷ் வெட்டாமல் விட்டிருந்தார். கல்யாண வரவேற்பில், ஜவுளிக்கடை வாசலில், காலேஜ் ஆண்டு விழாவில் எல்லாம் பல்பு மாற்றினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஸ்டூடியோக்களில் ஒரு புது வழக்கம் வந்தது. பெரிய பாடகிகளையே, மேடம், சங்கதி வேண்டாம், கொஞ்சம் ட்ராக் மாதிரி பாடுங்க என்று கேட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருவர் ஜெயலக்ஷ்மியைக் கூப்பிட்டு, அது எப்படிம்மா பாடறது என்று கேட்கவும் கேட்டார். பாடறோங்கறதையே மறக்கணும் மேடம் என்று இவள் சொன்னாள். அவர் அதைத் தத்துவம் என்று எடுத்துக்கொண்டார். இவள் வேலை நுணுக்கத்தைத்தான் சொன்னாள்.

இத்தனையும் நடந்த பிறகும், பெசன்ட் நகர் ஆட்டத்துக்கு அவள் போனதே இல்லை. மார்கழி பிறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கன்தான் கிளப்பினார். காலை எட்டு மணி. காபிக் கடையின் பின்கட்டில் நிற்க இடமில்லை. ஃபில்டர் காபியில் ஐஸ் போட்டுக் கண்ணாடி ஜாடியில் குடிக்கிறார்களே, இது எந்த சாஸ்திரத்தில் சேர்த்தி என்று ஸ்ரீரங்கன் அவள் காதில் கேட்டுக்கொண்டே வந்தார். மேடை ஓரத்தில் பாலகணேஷ் தலையைக் குனிந்து வேலையாக இருந்தான். அவன் பார்க்கவில்லை. இவர்களும் கூப்பிடவில்லை. ஆடுகிற பிள்ளைகள் நகர்ந்து கொஞ்சம் இடம் விட்டார்கள்.

தாளம் ஏறியது. நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. பிறகு அந்த வரி வந்தது, அவளுடைய குரல், வீட்டுக் கதவு அளவு உயரமான ஸ்பீக்கரிலிருந்து. முன்னூறு பேர் கையைத் தூக்கினார்கள். முன்னூறு பேரும் அவள் குரலைக் கேட்டு, அவள் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டு, அவள் பாடிய மாதிரியே பாடினார்கள். ஜெயலக்ஷ்மி நாலைந்து சுற்று சும்மா நின்றாள். அப்புறம் அவளும் சேர்ந்துகொண்டாள். சந்தோஷம் தாங்கவில்லை, ‘போகணும்’ வந்தபோது பெஹாக்கில் ஒரு சின்ன வளைவைச் செருகிவிட்டாள்.

பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். இருபது வயதுகூட இருக்காது, நெற்றியெல்லாம் வேர்வை. ஆடுவதை நிறுத்திவிட்டு, ஜெயலக்ஷ்மியின் காதருகே குனிந்து, ரொம்ப அன்பாகச் சொன்னாள்.

“ஆன்ட்டி, அங்க வளைக்கக் கூடாது. நேரா பாடணும். அவங்க எப்டி பாடறாங்கன்னு கவனிங்க.”

ஸ்பீக்கரை விரலால் காட்டினாள்.

ஸ்ரீரங்கன் வாயைத் திறந்தார். ஜெயலக்ஷ்மி அவர் கையை நறுக்கென்று கிள்ளினாள். பிறகு அந்தப் பெண் சொன்னபடியே ஸ்பீக்கர் பக்கம் காதைத் திருப்பி, அங்கே பாடுகிறவளை ஒரு முழுச் சுற்று கவனமாகக் கேட்டாள். அடுத்த சுற்றில், எங்கேயும் வளைக்காமல், அவள் பாடுகிற மாதிரியே பாடினாள்.

“கரெக்ட், ஆன்ட்டி,” என்றாள் அந்தப் பெண்.